கண்ணுக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர்

உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் மண்டையோட்டை நான் இரண்டு கைகளிலும் ஏந்தியிருக்கிறேன். எலும்பு இல்லை, பிசின். தேன் நிறம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் மங்கலாகத் தெரியும். நெற்றியில் தொடங்கி மேல்வரிசைப் பல்லோடு அது முடிந்திருந்தது. இடது கன்னத்து எலும்பு மூன்று துண்டாகி உள்ளே இறங்கியிருந்தது. அந்தப் பெண் அந்த நேரத்தில் சின்னக் காஞ்சிபுரத்தில் தன் வீட்டில் படுத்து, ஸ்பூனால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் டெக்னீஷியன். சொந்த ஊர் தாமல். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். எங்கள் வீட்டில் முதலில் டிப்ளமோ முடித்தவள் நான்தான், அதனால் வெள்ளைக் கோட்டை வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். அம்மாவுக்கு அதில் பெருமை. எனக்கும்தான்.

அந்தப் பெண் கணக்கு டீச்சர். வயது நாற்பதை நெருங்கியிருக்கும். கோயில் கைங்கரியக் குடும்பம். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கணவரோடு ஸ்கூட்டரில் திரும்பும்போது ஐயம்பேட்டை அருகே ஷேர் ஆட்டோ ஒன்று இடித்துவிட்டது. கணவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. டீச்சரின் இடது கன்னம் மைல்கல்லில் மோதியது. சென்னையில் முகத்து எலும்பு ஆபரேஷன் செய்யும் சர்ஜன் ஒருவர், எங்கள் சென்டர் டாக்டரோடு ஒன்றாகப் படித்தவர். அவர் டெலிபோனில், "ஒரு மில்லிமீட்டர் கட் எடுத்து சி.டி. டிஸ்க்குல போட்டு அனுப்பு, அதிலிருந்து மாடல் பண்ணிப் பார்க்கப்போறேன்" என்று சொல்லியிருந்தார். வெளியூரில் ஒரு கம்பெனி, ஸ்கேன் படங்களை வைத்துக்கொண்டு லேசரால் பிசினை அடுக்கடுக்காக உறையவைத்து மண்டையோட்டை அப்படியே செய்துதருமாம். எங்கள் டாக்டர் அதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. "தலைமயிர் கனம்தான் வித்தியாசம் வருமாம்மா!"

எங்கள் மெஷின் பழையது. கட் என்பது தலையைக் குறுக்கே சீவினாற்போல் எடுக்கும் ஒரு படம். கனமான கட் என்றால் தலை முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் என்றால் பாதி வழியில் எக்ஸ்ரே ட்யூப் சூடாகி நின்றுவிடும். அது ஆறும்வரை சில நிமிடங்கள் காத்திருந்து மீதியை எடுக்க வேண்டும். அந்த நிமிடங்களில் படுத்திருப்பவர் தலையை ஆட்டவே கூடாது. ஆட்டினால் கீழ்ப்பாதி ஒருவருடையது, மேல்பாதி இன்னொருவருடையது போல ஆகிவிடும்.

டீச்சரைப் படுக்கவைத்து நெற்றிக்கு மேலே பட்டையை ஒட்டினேன். காயத்துக்காகச் சற்று தளர்வாகத்தான் ஒட்டினேன்.

"அசையாதீங்க டீச்சர். எச்சில் கூட முழுங்காதீங்க. நடுவுல சத்தம் நின்னுடும், அப்பவும் அசையக் கூடாது. நான் கண்ணாடிக்குப் பின்னாடிதான் இருப்பேன்."

வீங்கிய உதட்டால் அவர் "ம்" என்றார்.

கீழ்ப்பாதி முடிந்தது. கண்ணுக்குச் சற்றுக் கீழே வரும்போது ட்யூப் சூடாகி மெஷின் நின்றது. அதே நேரம் வெளியே சத்தம். கொட்டகை இடிந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பெரியவரைக் கொண்டுவந்திருந்தார்கள். கூட வந்தவர் கவுண்டர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, எவ்ளோ நேரம் காத்துக்கினு இருக்கறது? ஆளு மயக்கமா கெடக்குறாரு, உள்ள யார வச்சிக்கினு இருக்கீங்க?"

கவுண்டர் பெண் மிரண்டு போய் நின்றாள். நான் எழுந்து வெளியே போனேன். சமாதானம் சொன்னேன், பெரியவரின் நாடியைப் பார்த்தேன், பத்து நிமிடம் என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மெஷின் ஆறியிருந்தது. டீச்சர் படுத்தபடியே இருந்தார். மீதியை எடுத்து முடித்தேன்.

இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு சில கட்டுகளை இரண்டு முறை எடுப்பது என் வழக்கம். அன்று அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே உயரத்தில் எடுத்த ஒரே எலும்பு, ஆனால் ஒன்றில் இருந்த இடத்தில் இன்னொன்றில் இல்லை. சற்று இடப்பக்கம் திரும்பியிருந்தது. டீச்சர் அசைந்திருக்கிறார்.

திரும்ப எடுத்திருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை எத்தனை முறை எனக்குள் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் வெளியே அந்தப் பெரியவர். மறுபடி எடுத்தால் மறுபடி ட்யூப் ஆற வேண்டும். டாக்டர் எட்டிப் பார்த்து, "ஃபிராக்சர் நல்லா தெரியுது, போதும், அடுத்த கேஸை ஏத்து" என்றார். அவர் பார்த்தது தனித்தனிப் படங்களை. தனித்தனியாக ஒவ்வொன்றும் சரிதான். நான் சி.டி.யை எழுதி உறையில் போட்டேன். உறையின் மேல் குறிப்பு எதுவும் எழுதவில்லை.

மாடல் தெர்மாகோல் பெட்டியில் வந்தது. சென்னைக்குப் போகும் வழியில் எங்கள் டாக்டர் பார்க்கவேண்டும் என்று ஒரு நாள் எங்களிடம் இருந்தது. சென்டரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கவுண்டர் பெண் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பி ரசித்தார். கண்குழியின் அடித்தளம் காகிதம்போல மெல்லிய எலும்பு. மாடலில் அந்த இடம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. "நிஜத்துல இங்க எலும்பு இருக்கும், ஸ்கேனுக்குத்தான் தெரியாது. சர்ஜனுக்கு இது தெரியும்" என்றார். இருக்கும் எலும்பு இல்லாததுபோல் காட்டும் பொய் எல்லோருக்கும் தெரிந்த பொய். எனக்குத் தெரிந்தது வேறொன்று.

மதிய சாப்பாட்டுக்கு எல்லோரும் போனதும் மெஷின் பழுதுபார்க்க வருகிறவர் விட்டுப்போயிருந்த வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு மாடலின் முன் உட்கார்ந்தேன். படியைத் தேடினேன். கண்ணுக்குக் கீழே, இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் படிக்கட்டின் விளிம்புபோல ஒரு படி இருந்தாக வேண்டும். விரல் நுனியால் தடவினேன். வழவழவென்று இருந்தது. கம்பெனிக்காரர்கள் சொரசொரப்பை எல்லாம் கம்ப்யூட்டரில் இழைத்துவிட்டிருந்தார்கள். படி ஒரு மெல்லிய சரிவாகிவிட்டிருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்த முகம்போல.

அகலங்களை அளந்தேன். திரையில் உள்ளதும் கையில் உள்ளதும் அச்சாக ஒத்துப்போயின. மாடல் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்ததைத் தலைமயிர் பிசகாமல் செய்திருந்தது. பிறகு அந்த இரட்டைக் கட்டுகளைத் திரையில் எடுத்து, ஒரே எலும்பின் இரண்டு இடங்களுக்கும் நடுவே அளந்தேன். மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

வாய்விட்டுச் சொன்னேனா என்றால், சொன்னேன். பாதி சொன்னேன்.

"சார், ரெண்டாவது ரன்ல கொஞ்சம் அசைஞ்சிருப்பாங்க போல இருக்குது சார்."

டாக்டர் மாடலின் கன்னத்தை ஒரு விரலால் வழித்தார். "அசைஞ்சிருந்தா இதுல தெரியாதா? பாரு, எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு."

அளந்த கணக்கு என் கோட்டுப் பையில் ஒரு சீட்டில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. வெளியே போனேன் என்பதையும் சொல்லவில்லை. மாலையில் பெட்டி சென்னைக்குப் போய்விட்டது.

ஆபரேஷன் நடந்த வாரம் முழுக்க, "இன்னாடி, தட்ட வச்சிக்கினு பாத்துக்கினே இருக்குற?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு டாக்டர் மூலம் செய்தி வந்தது. சர்ஜன் மாடலின்மேல் வைத்து முன்கூட்டியே வளைத்துத் தயார் செய்திருந்த டைட்டானியம் தகடு, திறந்து பார்த்தபோது எலும்போடு உட்காரவில்லை. மேஜையிலேயே மறுபடி வளைத்து, மறுபடி வைத்து, நினைத்ததைவிட இரண்டு மணிநேரம் கூடுதலாகிவிட்டது. "வீக்கத்துல அப்படித்தான் ஆகும்" என்றார் எங்கள் டாக்டர். அவர் உண்மையிலேயே அப்படி நம்பினார்.

அதன்பிறகு முகங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. தாமல் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே உள்ளது ஒருத்தி, கீழே உள்ளது வேறொருத்தி. மேலே இருப்பவள் சிரிக்கமாட்டாள், கீழே இருப்பவள் சிரிப்பாள். பார்வையைத் திருப்பினால் அடுத்த சீட்டிலும் அதே. கண்டக்டர், பூக்காரி, என் அம்மா. தலை வாரும்போது கண்ணாடியில் என் முகத்தைக் கீழிருந்து நெற்றிவரை பார்ப்பதையே விட்டேன். வகிடை மட்டும் பார்ப்பேன். கடையில் பிளாஸ்டிக் பொம்மைகள் தொங்கினால் அந்தப் பக்கத்தைத் தவிர்த்து நடப்பேன். வேலையில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை "அசையாதீங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே படுத்திருப்பவர் டீச்சராகவே தெரிந்தார்.

ஓராண்டு ஆகியிருக்கும். ஒரு காலை, கவுண்டரில் டீச்சரின் கணவர் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் திருமண், கையில் துணிப்பை.

"பழைய சி.டி. இன்னொண்ணு கிடைக்குமாம்மா? எங்ககிட்ட இருந்தது கீறிப்போயிடுத்து. சர்ஜன் இரண்டாவது ஆபரேஷன் பண்ணணும்கிறார். உள்ளே தகடு இருக்கறதனால புதுசா ஸ்கேன் எடுத்தா படம் எல்லாம் கோடு கோடா சிதறுமாம். அதனால பழைய மாடலை வெச்சே பண்ணிடலாம்னு சொல்றார்."

"இரண்டாவதா? எதுக்கு சார்?"

"அவளுக்கு மேலே பார்த்தா எல்லாம் ரெண்டா தெரியறது. கண்ணு ஒரு பக்கம் இறங்கியிருக்கு. கரும்பலகையில மேல் வரியில எழுதினா அவளாலயே படிக்க முடியல. லீவுலதான் இருக்கா."

அதே மாடல். அதே மூன்று மில்லிமீட்டர். ஒருமுறை உட்காராத தகட்டை மறுபடியும் அதன்மேல் வளைக்கப்போகிறார்கள்.

"சி.டி.யை நானே வீட்டுக்குக் கொண்டுவரேன் சார்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொன்னேன்.

சனிக்கிழமை பிற்பகல் போனேன். டீச்சர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் பார்க்க அவ்வளவு மோசமில்லை. தெரியாதவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். இடது கண் ஒரு நூல் கீழே இருந்தது, அந்தக் கன்னம் சற்றுத் தட்டையாக இருந்தது. எனக்கு அதைத்தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"வாம்மா, உட்காரு. தீர்த்தம் சாப்பிடறியா?" என்றார். பிறகு, "மாடலைப் பாக்கணுமா? நீயே எடுத்த படம்தானே" என்று எழுந்தார்.

அது வீட்டுக்குள் இல்லை. பின்கட்டில் துவைக்கும் கல்லுக்கு மேலே உள்ள பரணில், பழைய வேட்டியில் சுற்றிவைக்கப்பட்டிருந்தது. "உசிரோட இருக்கறவ கபாலத்தை ஆத்துக்குள்ள வெச்சுக்கப்படாதுன்னு மாமியார் சொல்லிட்டார். அவரைத் தப்பு சொல்லமாட்டேன். எனக்கே அப்பப்போ பயமா இருக்கு." வேட்டியைப் பிரித்தார். ஆபரேஷனுக்காகப் போட்ட பென்சில் கோடுகள் அதன்மேல் இன்னும் இருந்தன. "நான் செத்தா எப்படி இருப்பேன்னு நானே பாத்துண்டிருக்கேன். யாருக்கு இந்த பாக்கியம் கிடைக்கும் சொல்லு."

சிரிக்க முயன்றார். பிறகு மாடலை மடியில் வைத்துக்கொண்டு துவைகல்லின்மேல் உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல, இவர்கிட்டகூட. எல்லாம் என் தப்பு. நீ அன்னிக்கு அசையாதேன்னு அத்தனை தடவை சொன்னே. நான் அசைஞ்சேன்."

நான் கொண்டுவந்த சி.டி. உறையைத் தரையில் வைத்தேன்.

"சத்தம் நின்னுது. நிக்கும்னு நீ சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனா ரொம்ப நேரம் ஆச்சு. வெளியில யாரோ கத்தறா. எனக்கு மறந்துட்டுப் போயிட்டாளோன்னு தோணிடுத்து. கண்ணாடிப் பக்கம் நீ இருக்கியான்னு திரும்பிப் பார்த்தேன். ஒரே ஒரு செகண்ட். நீ இல்லை. உடனே திரும்பிட்டேன், அதே இடத்துக்கு வந்துட்டதாதான் நினைச்சேன். தகடு பொருந்தலைன்னு டாக்டர் சொன்னப்போ எனக்குப் புரிஞ்சுபோச்சு. கணக்கு சொல்லிக்கொடுக்கறவ, ஒரு புள்ளி நகர்ந்தா கோடு எங்கே போகும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் என்னைத் தேடித்தான் திரும்பியிருக்கிறார்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே போனதை, திரும்பி வந்து இரட்டைக் கட்டுகளைப் பார்த்ததை, மறுபடி எடுக்காததை. ஆபரேஷனுக்கு முன்பே மாடலைக் கையில் வைத்து அளந்ததை, சீட்டைப் பையிலிருந்து எடுக்காததை. சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்க்காமல் மாடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முகபாவம் கிடையாது, அதனால் சொல்ல முடிந்தது.

வீட்டுக்குள் அவர் மாமியார் பாசுரம் சொல்லும் சத்தம் மெல்லக் கேட்டது.

"எத்தனை?" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர்?"

"எத்தனை நகர்ந்திருக்கு? அளந்தேன்னியே."

"மூணு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

"எந்தப் பக்கம்?"

"மேல்பாதி இடப்பக்கம்."

தலையை ஆட்டினார். அழுவார் என்று நினைத்தேன். கோபத்தில் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் மாடலை வேட்டியில் மறுபடி சுற்றினார். முடிச்சுப் போட்டார்.

"ஒரு வருஷம் ராமா கிருஷ்ணான்னு தூங்கினதில்லை நான்" என்றார். "திரும்பிப் பார்த்தோமேன்னு. உனக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கும் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் வாயை மூடிண்டு இருந்திருக்கோம். எனக்காவது பயம். உனக்கு என்ன?"

"எனக்கும் பயந்தான் டீச்சர்."

"திங்கட்கிழமை நாங்க சென்னைக்குப் போறோம். நீ எங்களோட வரே. இப்போ என்கிட்ட சொன்னதை எல்லாம் சர்ஜன்கிட்ட சொல்றே. வாயால மட்டும் இல்லை, எழுதிக்கொடு. அளவு போட்டு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். இரட்டைக் கட்டுகளைப் பிரிண்ட் எடுத்து, நகர்ந்த தூரத்தைச் சிவப்பு மையில் குறித்து ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சர்ஜன் அதை நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார். கோபம் வந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

"இது எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மாடலைத் தொட்டிருக்கவே மாட்டேன்மா. நான் இந்தத் தகட்டை எத்தனை தடவை மனசுக்குள்ள வளைச்சுப் பார்த்திருக்கேன் தெரியுமா? என் கைதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

மூன்றாவதாக ஒருவர். அவரும் ஒரு வருடமாகச் சுமந்திருக்கிறார்.

புது மெஷின் உள்ள இடத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நடுவில் நிற்காமல் முழு முகமும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும் மெஷின். தகடும் திருகும் சிதறடித்த கோடுகளைக் கம்பெனிக்காரர்களோடு சர்ஜனே உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் துடைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டாவது மாடலை உடனே ஆபரேஷனுக்கு எடுக்கவில்லை. டீச்சரின் பல்வரிசையை மாவில் அச்செடுத்து மாடலின் பல்லோடு பொருத்தி, பல்லின் நடுக்கோட்டிலிருந்து நெற்றி எலும்பின் இரண்டு ஓரங்களுக்கும் உள்ள தூரத்தை முகத்திலும் மாடலிலும் அளந்து, எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் தகட்டை வளைத்தார்கள். முதல் தடவையே அப்படிப் பார்த்திருந்தால், என்று தொடங்கி நான் பலமுறை யோசித்ததுண்டு. முடிப்பதில்லை.

எங்கள் டாக்டர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், "நீ என்கிட்ட பாதிதான் சொன்னே. ஆனா மீதியைக் கேக்கவேண்டியது நான்" என்றார். அதன்பிறகும் எங்களுக்குள் பழைய மாதிரி இல்லை. சில மாதங்களில் வேலூர்ப் பக்கம் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். போகும்போது அவரே கையெழுத்துப் போட்டு நல்ல சர்டிபிகேட் கொடுத்தார். அதை வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தகடு இந்தமுறை உட்கார்ந்துவிட்டது என்று, நான் வேலூர் போவதற்கு முன்பே, டீச்சரின் கணவர் சென்டருக்கு போன் செய்து சொன்னார். கண் மேலே வந்துவிட்டது, நேராகப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது, மிக உயரே பார்த்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் பிரிகிறது. கண்ணை அசைக்கும் சதை ஒரு வருடம் தப்பான இடத்தில் இருந்து பழகிவிட்டதாம். டீச்சர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்.

அவரை அதன்பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில், ஏதோ போட்டிக்குக் கூட்டிவந்த மாணவிகளோடு நின்றுகொண்டிருந்தார். அருகே போய் நின்றேன். "சாப்டியா?" என்றார். "ஆச்சு டீச்சர்" என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் அவர் கன்னத்துக்குப் போனது. வேண்டாம் என்று இழுத்துக்கொண்டேன், மறுபடி போனது. அவர் கவனித்துவிட்டார். இடது பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிக் காட்டினார், டாக்டரிடம் காட்டுவதுபோல.

"நன்னா பாத்துக்கோ" என்றார்.

பார்த்தேன். கோடு இல்லை. முழுதாக ஒரே ஒரு பெண்ணின் முகம், வியர்வையோடும் மூக்குத்தியோடும்.

காஞ்சிபுரம் பஸ் வந்தது. மாணவிகள் ஓடினார்கள். டீச்சர் மட்டும் நின்று, மேலே இருந்த போர்டைப் படிப்பதற்காகக் கண்ணை உயர்த்தாமல் மோவாயைத் தூக்கி, முகத்தையே முழுதாகப் பின்னால் சாய்த்தார். படித்துவிட்டு ஏறிக்கொண்டார்.